பெருமாள்மலை பக்கம் கோடை நாடக முகாம்: வசனமே இல்லாமல் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

திண்டுக்கல்_அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். பள்ளி ஆண்டு விழா நாடகம் என்றால் அவன் பெயர்தான் முதலில் வரும். எவ்வளவு நீளமான வசனமாக இருந்தாலும் சீக்கிரம் மனப்பாடம் செய்துவிடுவான். மே மாதம் கொடைக்கானல் போகும் வழியில் இருக்கும் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் இளம் நடிகர்களுக்கு ஒரு முகாம் நடக்கப் போகிறது, அதற்குப் போயே ஆக வேண்டும் என்று நச்சரிக்கிறான். அறிவிப்பைப் படித்தேன். எழுதி வைத்த நாடகம் கிடையாது, வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது, இம்ப்ரொவ், அதாவது அந்த நேரத்தில் தோன்றுவதை வைத்து நடிப்பது மட்டும்தான் என்று போட்டிருக்கிறார்கள்.

எனக்கு இதுதான் புரியவில்லை. அப்படியென்றால் காலையிலிருந்து ராத்திரி வரை பிள்ளைகள் அங்கே என்ன செய்வார்கள்? வாய்க்கு வந்ததைப் பேச எதற்கு ஒரு பயிற்சி? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, கட்டணம் எங்களுக்குப் பெரிய தொகை. அனுப்பிய பெற்றோர், போய் வந்தவர்கள், நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள்.

சாரல் எழுதியது:

சார், பண்ணைக்காடு, கொடைக்கானல் பக்கம் கோடை முகாம்களில் பயிற்சி கொடுப்பவள் நான். நீங்கள் சொல்லும் முகாம் எது என்று தெரியாது, அதனால் பொதுவாக எழுதுகிறேன்.

வாய்க்கு வந்ததைப் பேசுவதைத்தான் முதல் நாளே நிறுத்தச் சொல்லுவோம். ஒரு பெண் மேடைக்கு வருகிறாள். "டாக்டர், மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கலை" என்கிறாள். எதிரில் நிற்கும் பையன் "நான் டாக்டர் இல்லம்மா, போலீஸ்" என்றால் உட்கார்ந்திருப்பவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். ஆனால் அவள் கொண்டுவந்த மாடு, அதன் பசி, அவளுடைய கவலை எல்லாம் அந்தச் சிரிப்போடு போய்விடும். அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பாள். அதே பையன் "எது, போன மாசம் கன்னு போட்டுச்சே, அந்தச் செவலையா?" என்று கேட்டுப் பாருங்கள். சீன் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்கு நிறம் வந்துவிட்டது, கன்று வந்துவிட்டது, டாக்டருக்கும் அந்த வீட்டுக்கும் பழைய பழக்கம் என்பதும் வந்துவிட்டது. யாரும் சிரிக்க மாட்டார்கள், ஆனால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எதிராளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதன்மேல் ஒன்றை வைக்கப் பழகுவதுதான் பயிற்சி. அந்த வயதில் எல்லோருக்கும் தான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இருக்கும், அதனால் இது தானாக வந்துவிடாது.

நாங்கள் சொல்லித்தரும் விளையாட்டுகள் பல அமெரிக்காவின் வயோலா ஸ்போலின் என்ற அம்மையாரிடமிருந்து வந்தவை. சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் நீவா பாய்ட் என்பவரிடம் குழந்தை விளையாட்டுகளைப் படித்தவர். 1930களின் கடைசியில், பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பிள்ளைகளுக்குள் மொழியே ஒத்துப்போகாது. அதனால் பாடம் எடுப்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் விளையாட்டாகவே அமைத்தார். 1946-ல் ஹாலிவுட்டில் சிறுவர்களுக்கென்றே ஒரு நடிகர் குழு தொடங்கினார். 1959-ல் சிகாகோவில் செகண்ட் சிட்டி நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவருடைய மகன் பால் சில்ஸ். பெரியவர்களின் நகைச்சுவை மேடை என்று இன்று உலகம் பார்ப்பது குழந்தைகளின் விளையாட்டிலிருந்து கிளம்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். என் மகளை ஒரு முகாமுக்கு அனுப்பினேன். பெயர் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். கடைசி நாள் பெற்றோரை மலைக்கு வரச் சொன்னார்கள். குடும்பத்தோடு போனோம். பிள்ளைகள் வட்டமாக நின்று கைதட்டினார்கள், ஒருவருக்கொருவர் கண்ணாடி மாதிரி கையை ஆட்டினார்கள், இரண்டு மூன்று பேர் பாதியில் நின்றுபோன சீன் ஒன்றைச் செய்தார்கள். முடிந்தது. நாடகம் எங்கே என்று கேட்டால், இதுதான் என்றார்கள்.

நம்மிடம் பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த மரபு இல்லையா? சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவை நடத்தினார். பின்னால் நாடகத்தில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக அங்கேதான் சேர்ந்தார்கள். பாட்டு, வசனம், உச்சரிப்பு, தாளம் எல்லாம் அடித்தளத்திலிருந்து வந்தது. ழகரம் சொல்ல வராத பிள்ளையை மேடையில் விட்டு "உனக்குத் தோன்றியதைப் பேசு" என்றால் அது எப்படிப் பயிற்சி ஆகும்? முதலில் நல்ல தமிழை வாயில் ஏற்றுங்கள், அப்புறம் அவர்களாகப் பேசட்டும்.

மலைவாழை எழுதியது:

நான் தாண்டிக்குடிக்காரி. பள்ளியில் படிக்கும்போது இந்த மாதிரி முகாமுக்குப் போயிருக்கிறேன், இப்போது கல்லூரியில் படிக்கிறேன். உள்ளே இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன் சார்.

மே மாதம் எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். முகாம் கூடத்துக்குத் தகரக் கூரை. மழை இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பையன் நன்றாகப் பேசுவான், எல்லா சீனிலும் அவன் குரல்தான். மழை வந்ததும் பயிற்சி கொடுத்த அக்கா எங்களைப் பேச்சில்லாமல் சீன் செய்யச் சொன்னார். பூம்பாறையிலிருந்து வந்த ஒரு பெண் அதுவரை சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தவள். அவள் எழுந்து வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெறும் தரையில் பூண்டு பிடுங்க ஆரம்பித்தாள். தாளைப் பிடித்து ஆட்டி இளக்கிவிட்டு இழுத்தாள், மண்ணை உதற இடது மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினாள், பக்கத்தில் வைத்தாள். வைத்த இடத்தில் அடுத்ததையும் சரியாக அதன்மேலேயே வைத்தாள். குவியல் வளர வளர அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அந்த சென்னைப் பையன் உள்ளே நுழைந்தவன் அந்தக் குவியலை மிதிக்காமல் சுற்றி நடந்து போனான். அவனுக்கும் அது தெரிந்திருக்கிறது!

அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை அவளோடு சீன் செய்ய எல்லோரும் போட்டி போட்டோம். உச்சரிப்பு முக்கியம்தான் சார். ஆனால் உச்சரிப்பை முதல் வாசலாக வைத்தால் அவள் உள்ளேயே வந்திருக்க மாட்டாள்.

பின்பாட்டு எழுதியது:

இரண்டு பக்கமும் படித்தேன். எங்கள் குடும்பம் ஸ்பெஷல் நாடகக் குடும்பம், அப்பா ஆர்மோனியம் வாசித்தவர். வாத்தியார் ஐயா சுவாமிகள் பெயரைச் சொன்னதால் எழுதுகிறேன்.

சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் இன்றைக்கும் மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை ஜில்லாக்களில் திருவிழாவுக்கு நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர், மிருதங்கம் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். சாயங்காலம் வந்து சேருவார்கள், அரிதாரம் பூசுவார்கள், ராத்திரி மேடை ஏறினால் விடிய விடிய ஆட்டம். ஒத்திகை என்று ஒன்று கிடையவே கிடையாது. அன்றைக்குத்தான் முதல் தடவை சந்திக்கிற இரண்டு பேர் வள்ளியும் நாரதருமாக நின்று தர்க்கம் பண்ணுவார்கள். அவர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. பாதிக் கேள்வி அந்த ஊர்க் கோயிலைப் பற்றியோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவரைப் பற்றியோகூட இருக்கும். பதில் சொல்லியாக வேண்டும், பாட்டாகவும் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பாட்டை எடுக்கப் போகிறார் என்பதை மூச்சு இழுக்கும்போதே ஆர்மோனியக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இந்த வேலைதான், கதைக்குள்ளேயும் வருவார், ஊர் நடப்பையும் பேசுவார்.

அதனால் ஒத்திகை இல்லாத நாடகம் வெளியூர்ச் சரக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் சாரல் அம்மாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வள்ளி சட்டென்று பதில் சொல்கிறாள் என்றால் அவள் நெஞ்சுக்குள் அத்தனை பாட்டு கிடக்கிறது. திருப்புகழ் கிடக்கிறது, பழமொழி கிடக்கிறது, தன்னைவிட மூத்த நடிகைகள் சொன்ன பதிலெல்லாம் கிடக்கிறது. கிணற்றில் ஊறினால்தான் இறைக்க முடியும். முகாமுக்கு வருகிற பிள்ளையின் உள்ளே என்ன ஊறிக் கிடக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

சாரல் எழுதியது:

பின்பாட்டு ஐயா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு நாள் ஊறி வருவது சினிமா காமெடிதான். எந்த சீன் கொடுத்தாலும் யாராவது ஒரு பையன் வடிவேலு குரலில் பேச ஆரம்பித்துவிடுவான். சிரிப்பு நிச்சயம் என்பதால் மற்றவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். கூடவே குண்டு, கறுப்பு, சொட்டை என்று உருவத்தைக் கேலி செய்யும் பேச்சும் வந்துவிடும். அதைத் தடை போட்டு நிறுத்த முடியாது, வேறு ஏதாவது உள்ளே போனால்தான் அது வெளியேறும்.

அதனால் நாங்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகிறோம். பெருமாள்மலையில் பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேருகிற இடம் இருக்கிறதே, அங்கே காலையில் நிற்க வைப்போம். நோட்டு கிடையாது, போன் கிடையாது. ஒருவருடைய நடை, இன்னொருவர் வாயிலிருந்து கேட்ட ஒரு வரி, ஏதாவது ஒரு கை வேலை, இவற்றைக் கொண்டுவர வேண்டும். வாழைத்தார் இறக்குகிறவர் தோளில் துண்டை மடித்துப் போடும் விதத்தை ஒருவன் கொண்டுவருவான். ஒரு சிறுமி, பஸ்ஸில் பார்த்த பாட்டி ஒருவரைக் கொண்டுவந்தாள். கண்டக்டர் கொடுத்த மீதிச் சில்லறையை முந்தானையில் முடிகிறார், பஸ் ஒரு வளைவு திரும்புகிறது, சந்தேகம் வருகிறது, முடிச்சை அவிழ்த்து எண்ணுகிறார், மறுபடி முடிகிறார், அடுத்த வளைவில் திரும்பவும் அவிழ்க்கிறார். அவள் பாட்டியைக் கிண்டல் செய்யவில்லை. அந்தச் சில்லறை பாட்டிக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டினாள். கிண்டலா இல்லையா என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், சொல்லித்தர வேண்டியதே இல்லை.

வாத்தியார் சார் சொன்ன கடைசி நாள் நிகழ்ச்சி பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பயிற்சிகளை அப்படியே மேடையில் வைத்தால் பார்க்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் ஏமாற்றம் நியாயமானது. அதற்கென்றே அமைத்த ஆட்டங்கள் இருக்கின்றன. கீத் ஜான்ஸ்டன் என்று ஒருவர், லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் வேலை பார்த்தவர், பிறகு கனடா போய் 1977-ல் கால்கரியில் லூஸ் மூஸ் நாடகக் குழுவைத் தொடங்கினார். இரண்டு அணிகள் போட்டியாக சீன் கட்ட, பார்வையாளர்கள் கபடி பார்ப்பதுபோல் ஆரவாரம் செய்யும் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் அவர் உருவாக்கியது. 2023-ல் காலமானார். புத்திசாலித்தனமாக எதையாவது யோசிக்காதே, கண்ணுக்கு முன்னால் தெரிவதைச் சொல் என்பதைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தியவர். பெற்றோரைக் கூப்பிடுவதாக இருந்தால் அந்த மாதிரி ஆட்டமாக வைக்க வேண்டும், இடமும் சூழலும் பார்வையாளர்களே சொல்ல வேண்டும். இல்லையென்றால் கூப்பிடவே வேண்டாம் என்பது என் கருத்து.

கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

எங்கள் மலை வேறு, ஆனாலும் விஷயம் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். நீலகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு லீவில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகள் உண்டு. 1964-ம் வருட இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் உண்டு. கூடலூரிலிருந்து வருபவர்களில் மலையாளம் பேசுபவர்களும் உண்டு. எல்லோரையும் மேடைத் தமிழில் பேசச் சொன்னால் முதலில் மனதுக்குள் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டு பிறகுதான் வாயைத் திறக்கிறார்கள். அந்த இடைவெளியில் சீன் படுத்துவிடும். ஆங்கிலத்தில் நடத்தும் முகாம்களிலும் இதேதான், ஆங்கிலப் பள்ளியில் படித்த இரண்டு பிள்ளைகள் எல்லா சீனையும் எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் பேசுகிற மாதிரியே பேசு என்று விட்டுவிட்டேன். படுகக் குடும்பத்துப் பெண் அம்மாவாக நின்று மகனைத் திட்டுகிறாள், எதிரில் மகனாக நிற்கும் பையனுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் எதற்குத் திட்டு விழுகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது, தமிழில் சமாளிக்கிறான். சாரல் சொன்ன சிகாகோ பிள்ளைகள் கதையைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. அர்த்தமில்லாத சத்தங்களால் மட்டும் பேசும் ஒரு விளையாட்டும் ஸ்போலின் வழியில் உண்டு, மொழி கலந்த குழுவுக்கு அதை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். யார் மேல், யார் கீழ் என்று காட்டும் விளையாட்டு ஜான்ஸ்டனுடையது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம். செருப்பை எங்கே கழற்றுவது, துண்டை எப்போது கையில் எடுப்பது, யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் எல்லாம் அவர்கள் பார்த்து வளர்ந்தது. எஸ்டேட் சீன் என்றால் நொடியில் துரை, கங்காணி, கூலிக்காரர் என்று நின்றுவிடுகிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், தோட்ட லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைக்கு எப்போதும் கூலிக்காரர் வேடமே போய்ச் சேரும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, ஆனால் நடந்துவிடும். நடத்துகிறவர் தலையிட்டு மாற்றிப் போட வேண்டும். லயத்துப் பிள்ளை துரையாக உட்கார்ந்து, எதிரில் நிற்பவரை ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்க்கட்டும். அதைச் செய்யாத முகாமுக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

டீச்சர் சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு முழு உடன்பாடு. பின்பாட்டு ஐயா சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் என் நிலையில் ஒரு பாதியை விட மாட்டேன்: பஸ்ஸில் பார்த்த பாட்டியைக் கொண்டுவந்தது போல, காலையில் ஒரு மணி நேரம் பாட்டும் உள்ளே போகட்டும். காவடிச் சிந்து பாடட்டும், தாலாட்டு பாடட்டும். பழனி மலைத்தொடரிலேயே உட்கார்ந்துகொண்டு ஒரு காவடிச் சிந்துகூடத் தெரியாமல் பிள்ளைகள் திரும்பக் கூடாது.

சாரல் எழுதியது:

சார், இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மலைக்குளிரில் காலையில் குரல் கட்டிக்கொள்ளும், பாட்டு அதற்கும் நல்லது.

திண்டுக்கல்_அப்பா எழுதியது:

இவ்வளவு பேர் இத்தனை விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மகனும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தான். அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டோம். பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவர்களிடம் என்ன கேட்க வேண்டும்? எதற்கும் மறுக்காமல் ஒத்துக்கொள் என்று பயிற்சி கொடுக்கிறார்களே, பிள்ளைகள் பாதுகாப்பு விஷயத்தில் அது சரியாக வருமா? மகளும் "நானும் போகிறேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், நான்காம் வகுப்புதான்.

சாரல் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒத்துக்கொள்வது கதைக்குள் இருக்கும் பாத்திரத்துக்கு மட்டும். பிள்ளைக்கு அல்ல. எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் "நிறுத்து" என்றால் சீன் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. தொடாமல் செய்யக்கூடிய சீனைத் தொட்டுச் செய்யக் கூடாது. இந்த இரண்டும் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் விட்டுவிடுங்கள். இரவில் பெண் பிள்ளைகளோடு தங்கும் பெண் பொறுப்பாளர் யார், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மொழியில் நடத்துகிறார்கள், இவற்றையும் கேளுங்கள்.

சொந்த வண்டியில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள், 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். ஸ்வெட்டரும் மழைக் கோட்டும் வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, உட்கார்ந்து எழவும் கஷ்டம்.

மகளை இந்த வருடம் அனுப்பாதீர்கள். பெரிய பிள்ளைகளோடு இரவு தங்கும் முகாம் அந்த வயதுக்கு ஏற்றதில்லை. வீட்டிலேயே ஒரு விளையாட்டு ஆடுங்கள். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரே ஒரு சொல்லாகக் கதை சொல்ல வேண்டும். ஒருவர் "ஒரு" என்பார், அடுத்தவர் "ஊர்ல" என்பார், அடுத்தவர் "ஒரு", அடுத்தவர் "கிழவி". மகனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வசனம் பேசிப் பழகியவனுக்குக் கதையைத் தன் பக்கம் இழுக்க ஆசை வரும், கிழவிக்கு அடுத்து டைனோசரைக் கொண்டுவருவான். அவன் முறைக்கு "அப்புறம்" என்ற சொல்தான் பொருந்தும் என்றால் அதைச் சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்க்க வேண்டும். முகாமுக்குக் கிளம்பும்வரை தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதை ஆடினால் போதும்.